நகையும் பிழையும்: ஆங்கிலம் கற்றலில் நகைச்சுவை நாடகத்தின் பங்கு

எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கென்றும் வகுத்தார். இந்நான்கினையும் விளக்கப் புகுந்த உரையாசிரியராகிய பேராசிரியர் இரண்டு நுட்பமான வேறுபாடுகளைக் காட்டிச் செல்கின்றார். எள்ளல் இருவகைப்படும் என்பது ஒன்று: ஒருவன் பிறரை எள்ளும்போதும் நகை தோன்றும், பிறரால் தான் எள்ளப்படும்போதும் நகை தோன்றும். பேதைமையும் மடனும் ஒன்றல்ல என்பது மற்றையது. பேதைமை அறிவின்மை. மடனோ, பிறர் கற்பித்ததை அவ்வாறே ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருத்தல்.

இவ்விரு வேறுபாடுகளும் அகப்பாட்டுக்கும் புறப்பாட்டுக்கும் உரைகாணும் நோக்கில் எழுந்தவை. எனினும், பிறிதொரு மொழியைக் கற்பவன் செய்யும் பிழைகளையும் அப்பிழைகளைக் கண்டு எழும் சிரிப்பையும் ஆராய்வதற்கு இவற்றினும் பொருத்தமான கருவிகள் கிடைப்பது அரிது. நகைச்சுவை வழியாக ஆங்கிலச் சொற்களையும் இலக்கணத்தையும் எளிதிற் கற்கலாம் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. வகுப்பறையிலும் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் இக்கருத்தை நம்பி ஆக்கப்பட்ட நகைச்சுவைக் காட்சிகள் நிறைந்து கிடக்கின்றன. சிரித்தால் அச்சம் நீங்கும், அச்சம் நீங்கினால் நாவு திறக்கும் என்பதே இதன் அடிப்படை. கருத்து கவர்ச்சியானது. ஆனால் சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்னும் வினாவை எழுப்பாமல் இதனை ஏற்றுக்கொள்ள இயலாது. கண்டியையும் பேராதனையையும் பொறுத்தவரை இவ்வினா வெறும் கோட்பாட்டு வினா அன்று.

கடுவ

1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாகக் கொண்டிருந்தது. 1960களில் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் பயிற்று மொழிகளாயின. தாய்மொழியிற் கற்ற கிராமத்து மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் அப்போதே திறந்தது. வாயில் திறந்ததேயன்றி, உள்ளே ஆங்கிலம் தன் இருக்கையை விட்டு எழுந்துவிடவில்லை. நூலகத்து நூல்களும் பட்டத்தின் பின் கிடைக்கவேண்டிய தொழிலும் அதன் பிடியிலேயே இருந்தன. இந்நிலையில் மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ' என்பது. சிங்களத்தில் வாள் என்று பொருள்படும் சொல் அது. பேராதனை ஆங்கிலத் துறையைச் சேர்ந்த மொழியியலாளர் கலாநிதி திரு கந்தையா இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் படைக்கலமாக இயங்குவதை ஆராய்ந்தார். அக்கட்டுரை, பேராசிரியர் ஈ. எஃவ். சி. லுடொவைக் அவர்களைச் சிறப்பிக்கும் முகமாக 1984 இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றது.

லுடொவைக்கின் பெயரும் கடுவ என்னும் சொல்லும் ஒரே தொகுதிக்குள் வந்தமை சிந்திக்கத்தக்கது. பல்கலைக்கழக ஆங்கில நாடக மன்றத்தைக் கட்டியெழுப்பி, ஒரு தலைமுறையினருக்கு ஆங்கிலத்தை மேடையின் வழியாக இனிமையாக்கியவர் அவர். அவர் 1956 இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். அவரிடம் கற்றோருக்கு ஆங்கிலம் விளையாட்டுக் களம். அடுத்த தலைமுறைக்கு அதுவே வாள். மொழி மாறவில்லை, அதனை எதிர்கொண்டோரின் நிலை மாறிற்று.

வாள் எங்ஙனம் வெட்டுகின்றது? பெரும்பாலும் சிரிப்பின் வழியாகவே வெட்டுகின்றது. ஆங்கிலச் சொல் ஒன்றில் உயிரொலியைச் சற்று மாற்றி உச்சரித்தவனைப் பார்த்து எழும் மெல்லிய நகைப்பு, தண்டனையினும் கூர்மையானது. இலங்கையில் அத்தகைய உச்சரிப்புக்கு 'நொட் பொட்' ஆங்கிலம் என்று ஒரு கேலிப்பெயரே வழங்கி வந்துள்ளது. இக்கேலிக்கு அஞ்சி வாய்திறவாதிருப்பவனுக்கு இலக்கண விதிகள் அனைத்தும் மனப்பாடமாக இருந்தாலும் அவற்றால் யாதும் பயனில்லை. ஆகவே, நகைச்சுவையைக் கற்பித்தற் கருவியாக்க விரும்புவோர், அச்சத்தை விளைத்த கருவியும் அதே நகைதான் என்பதை மறத்தல் ஆகாது.

முடிவுறாத வகுப்பு

ஆங்கிலம் கற்றலைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவைகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர். வின்ஸ் பவல் எழுதிய இத்தொடர் 1977 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கி 1979 வரை 29 அங்கங்களாக வெளிவந்தது. இலண்டன் மாலை வகுப்பொன்றில் ஜெரமி பிரவுண் என்னும் இளம் ஆசிரியர் வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிப்பதே கதை. இத்தாலியச் சமையற்காரர், ஸ்பானிய மதுக்கூடப் பணியாளர், வீட்டுப் பணிசெய்யும் பிரெஞ்சு, ஜெர்மன் இளம்பெண்கள், சீனப் பெண், யப்பானியர், பாகிஸ்தானைச் சேர்ந்த அலி நதீம், பஞ்சாபைச் சேர்ந்த றஞ்சித் சிங் முதலியோர் அவ்வகுப்பின் மாணவர்.

கண்டிப் பகுதியினருக்கு இத்தொடரோடு தனியானதோர் உறவு உண்டு. றஞ்சித் சிங்காக நடித்த அல்பேர்ட் மோசஸ், பேராதனைக்குத் தெற்கே மகாவலிக் கரையில் அமைந்த கம்பளையில் 1937 இல் பிறந்தவர். இந்தியத் திரையுலகில் நடிப்பைத் தொடங்கிப் பின்னர் இங்கிலாந்து சென்று, அங்கே திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் நெடுங்காலம் நடித்து, 2017 இல் காலமானவர். ஆங்கிலத்தில் நடித்தே வாழ்ந்த இக்கம்பளைக் கலைஞர் பெரும்புகழ் அடைந்தது, ஆங்கிலம் சரிவரப் பேசத் தெரியாத ஒரு பஞ்சாபியராக நடித்ததனாலேயே. இம்முரண் இக்கட்டுரையின் பிற்பகுதியிலும் நோக்கப்படும்.

தொடரின் நகைச்சுவை எவ்வாறு பிறக்கின்றது? முதலாவது, சொல்லின் இருபொருள். ஆசிரியர் ஒரு பொருளிற் கூறியதை மாணவர் மற்றொரு பொருளிற் கொள்வர். இரண்டாவது, மரபுத்தொடரை நேர்ப்பொருளிற் கொள்ளுதல். மூன்றாவது, உச்சரிப்பு, யப்பானியர் சொல்லின் இறுதியில் ஓகாரம் சேர்ப்பது போல்வன. நான்காவது, தாய்மொழியின் மரபை ஆங்கிலத்தில் ஏற்றுதல். இவற்றுள் முதலிரண்டும் உண்மையான மொழிப்பாடங்களாக அமையக்கூடியவை. ஒரு சொல்லின் இரு பொருளும் மோதும்போது அவ்விரண்டும் மனத்திற் பதிகின்றன. சிலேடையில் வல்ல தமிழ் மரபுக்கு இது புதிதன்று. காளமேகப் புலவரின் சிலேடைகளைக் கேட்டுச் சிரித்தவன் சொல்லின் பல்பொருளையும் உடன் கற்றே சிரித்தான்.

ஆயினும் ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. பிழையைக் கண்டு நகைப்பதற்குச் சரியான வடிவம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். 'மவுஸ்' என்பதன் பன்மை 'மைஸ்' என்று கற்ற ஒருவன் 'ஹவுஸ்' என்பதன் பன்மையை 'ஹைஸ்' என்று கூறினால், உண்மையான பன்மையை அறிந்தவனுக்கே அது நகை தரும். அறியாதவனுக்கு 'ஹைஸ்' ஒரு புதிய சொல், அவ்வளவே. தொடரில் அரங்கிலிருந்தோரின் சிரிப்பொலி இடையிடையே எழுகின்றது. பிழை நிகழ்ந்தது என்பதை அச்சிரிப்பொலி அறிவிக்குமேயன்றிப் பிழை யாது என்பதை அறிவியாது. எனவே ஆங்கிலம் ஓரளவு அறிந்தவனுக்கு இத்தொடர் தன் அறிவை உறுதிசெய்யும் இனிய தேர்வு. அறியாதவனுக்கோ, பிறர் ஏன் சிரிக்கின்றனர் என்று விளங்காமல் தானும் உடன்சிரிக்கவேண்டிய இக்கட்டு. பேராதனை விரிவுரை மண்டபத்தில் வாய்மூடி இருப்பவனின் இக்கட்டும் அதுவே.

மேற்கூறிய பன்மைப் பிழை பேதைமையன்று, மடன். கற்பித்த விதியை உறுதியாகப் பற்றி, அது செல்லாத இடத்துக்கும் அதனைக் கொண்டுசெல்வது அது. பிழை செய்தவன் விதியை அறியாதவன் அல்லன். விதிக்குப் பெரிதும் விசுவாசமானவன். நகைக்குரியது ஈண்டு மாணவனா, விதியை வகுத்துவிட்டுத் தானே அதனை மீறும் ஆங்கில மொழியா? தமிழ் மாணவன் 'சின்னச் சின்ன' என்பதை நினைந்து 'ஸ்மோல் ஸ்மோல்' என்கின்றான். 'நாளை வருகிறேன்' என்னும் வழக்கை நினைந்து நிகழ்கால வினையால் எதிர்காலம் சுட்டுகின்றான். இவை யாவும் ஓர் இலக்கணத்தை நன்கறிந்தவன் அதனை வேறிடத்தில் வழுவாது கைக்கொண்டமையால் விளைந்தவை. இதனை உணர்த்தும் நகைச்சுவை மொழியைக் கற்பிக்கும். இதனைப் பேதைமையாகக் காட்டும் நகைச்சுவை தாழ்வுணர்ச்சியையே கற்பிக்கும்.

'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' இரண்டாவது வகையையே பெரிதும் சார்ந்துள்ளது. றஞ்சித் சிங்கின் புகழ்பெற்ற தொடர் 'ஆயிரம் மன்னிப்புகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எண்ணுப்பெயர் சரி, பன்மை சரி. அதிலுள்ளது கீழைத்தேயப் பணிவுமொழி ஒன்றின் மொழிபெயர்ப்பு. அப்பணிவே ஒவ்வொரு முறையும் சிரிப்பொலியை எழுப்புகின்றது. பிழையில்லாத இடத்தில் எழும் சிரிப்பு மொழியை நோக்கியதாக இருத்தல் இயலாது. அது மனிதனையே நோக்கியது. தொல்காப்பியர் வகையில் அது எள்ளல். மேலும், தொழில்செய்து குடும்பம் பேணும் வளர்ந்தோரை வாங்கில் இருத்திச் சிறுவர்போல் சண்டையிடச் செய்வதன் மூலம் அவர்கள்மேல் இளமை வலிந்து ஏற்றப்படுகின்றது. குழந்தையின் மழலைக்கு எழும் நகையில் அன்பு உண்டு. வளர்ந்தவனின் மொழியை மழலையாக்கி நகைப்பதில் அது இல்லை. அலி நதீமும் றஞ்சித் சிங்கும் ஓயாது மோதுவதைக் காட்டும் காட்சிகளில் 1947 இன் பிரிவினை கூட வகுப்பறை வேடிக்கையாகச் சுருங்கிவிடுகின்றது. இத்தொடரின் இனவகைப் பாத்திரங்கள் இழிவுபடுத்துவன என்று கருதியே தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மைக்கல் கிறேட் 1979 இல் அதனை நிறுத்தினார். 1986 இல் வேறொரு தயாரிப்பாக அது சிறிது காலம் மீண்டும் தோன்றியது.

அமைப்பு நிலையிலும் ஒரு குறை உண்டு. இம்மாணவர் ஆங்கிலம் கற்றுத் தேறிவிட்டால் தொடர் முடிந்துவிடும். ஆகையால் அவர்கள் தேறுதல் கூடாது. கற்றலைப் பொருளாகக் கொண்ட ஒரு நாடகம் தன் பாத்திரங்களைக் கற்கவிடாமல் வைத்திருப்பதனால் மட்டுமே உயிர்வாழ்கின்றது. இது ஆசிரியனின் தனிப்பட்ட குற்றமன்று. வாரந்தோறும் ஒரே நிலையிற் தொடங்கி ஒரே நிலையில் முடியவேண்டிய தொலைக்காட்சி நகைச்சுவை வடிவத்தின் நியதி.

துரைமார் கற்ற தமிழ்

பிழைபட்ட மொழி எப்போதும் சிரிப்புக்கிடமாவதில்லை என்பதற்குக் கண்டி மலைநாடே சான்று. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கிய பின் மலைநாடெங்கும் தேயிலைத் தோட்டங்கள் பரந்தன. தோட்டங்களை நடத்த வந்த வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளரோடு பேசத் தமிழ் கற்க வேண்டியவராயினர். அவர்கள் பொருட்டுக் கைந்நூல்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொழும்பில் பேர்கசன் பதிப்பகத்தார் வெளியிட்ட 'இங்கே வா' என்னும் நூல். சின்னத்துரைக்கு உரிய சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொரு நூலின் பெயரே 'கூலித் தமிழ்'.

நூலின் பெயராக அமைந்த அவ்விரு சொற்களும் ஆராய்ச்சிக்குரியன. 'வா' என்பது முன்னிலை ஒருமை ஏவல். நீ, நீர், நீங்கள் என மரியாதையைப் படிப்படியாக வேறுபடுத்தும் ஈழத்துத் தமிழ் வழக்கில் அது அடிப்படியில் நிற்பது. 'வாரும்', 'வாருங்கள்' என்பனவும் தமிழே. ஆயினும், தமிழுக்குள் நுழையும் துரையின் முதல் அடியாக ஏவல் ஒருமையே தெரிந்தெடுக்கப்பட்டது. ஒரு மொழியை எந்த வினைவடிவத்திலிருந்து கற்கத் தொடங்குகின்றோம் என்பதிலேயே கற்பவனுக்கும் அம்மொழியினருக்கும் இடையிலான உறவு பொதிந்துள்ளது.

துரையின் தமிழ் எத்துணைக் கொச்சையாக இருந்தபோதிலும் பிரட்டுக்களத்தில் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கத் தொழிலாளி துணிந்திருக்க இயலாது. அம்மொழி பிழைபட்டிருந்தும் கீழ்ப்படியப்பட்டது. துரையையும் கங்காணியையும் எள்ளி நகையாடும் மலையக நாட்டார் பாடல்கள் உண்டெனினும், அச்சிரிப்பு கொழுந்து மலையிலும் லயத்திலும் தமக்குள் சிரித்த சிரிப்பேயாகும். அதே காலத்தில் தொழிலாளியின் வாயிற் புகுந்த ஆங்கிலச் சொல் பிறருக்கு வேடிக்கையாயிற்று. 'மஸ்டர்', 'செக்றோல்' என்று அவன் தன் நாவுக்கு இசையத் திரித்து வழங்கிய சொற்கள் ஒரு மொழி பிறமொழிச் சொல்லைத் தன் ஒலியமைப்புக்குள் ஏற்கும் இயல்பான வடசொற்கிளவி நெறியைச் சார்ந்தவை. பிழை ஒன்றே. ஒருவனுடையது கட்டளை, மற்றவனுடையது நகைப்பு. ஆகவே நகைக்கு நிலைக்களமாவது பிழை மட்டுமன்று. பிழைசெய்தவன் நிற்கும் படியும் ஆகும்.

டப்ளினிலிருந்து வந்த இருவர்

எனினும், நகைச்சுவை நாடகம் எள்ளலோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலத்தின் 'சரி' எது, 'பிழை' எது என்பதைப் பொருளாக்கிய தலைசிறந்த இரு நகைச்சுவை நாடகங்களை எழுதிய இருவரும் ஆங்கிலேயர் அல்லர். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தவர். ஒருவர் 1775 இல் 'தி றைவல்ஸ்' நாடகத்தை அளித்த றிச்சட் பிறின்ஸ்லி ஷெரிடன். மற்றவர் யோர்ஜ் பேர்னாட் ஷோ. ஷெரிடனின் தந்தையார் தோமஸ் ஷெரிடன் ஆங்கிலேயருக்கே உச்சரிப்புப் பயிற்றியவர். 1780 இல் உச்சரிப்பைக் குறித்துக் காட்டும் ஆங்கில அகராதியொன்றை வெளியிட்டவர். விளிம்பில் நின்றவர்களுக்கே மையத்தின் வேடிக்கை நன்கு தெரியும் போலும்.

'தி றைவல்ஸ்' நாடகத்தின் திருமதி மலப்புறொப் கடினமான சொற்களை இடம்மாற்றி வழங்குபவள். முதலையைக் குறிக்கும் சொல் வேண்டிய இடத்தில், ஒலியால் அதனை ஒத்த, உருவகக் கதையைக் குறிக்கும் சொல்லைப் பெய்கின்றாள். அவளுடைய பெயராலேயே இவ்வகைப் பிழைக்கு ஆங்கிலத்தில் ஒரு கலைச்சொல் தோன்றிற்று. ஆனால் அவள் வெளிநாட்டவள் அல்லள். மருமகளை அடக்கியாளும் அதிகாரமும் செல்வமும் உடைய ஆங்கிலச் சீமாட்டி. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் மிடுக்கே அங்கு நகைக்கப்படுகின்றது. மேலிருந்து கீழ்நோக்கிய சிரிப்பை ஷெரிடன் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பினார். சொற்களைக் கற்கும் மாணவனுக்கும் இது நல்ல பயிற்சி. ஒவ்வொரு பிழைச்சொல்லுக்கும் பின்னால் மறைந்துநிற்கும் சரியான சொல்லை ஊகித்தாலன்றி நகை கிட்டாது. ஊகித்தவன் இரு சொற்களையும் பெறுகின்றான்.

ஷோவின் 'பிக்மேலியன்' 1913 இல் வியன்னாவிலும் 1914 இல் இலண்டனிலும் மேடையேறியது. ஒலியியற் பேராசிரியர் ஹிக்கின்ஸ், பூக்காரப் பெண்ணான எலைசா டூலிற்றிலுக்கு உயர்குடி ஆங்கிலம் பயிற்றி அவளைச் சீமாட்டியாக உலவவிடுவதாகப் பந்தயம் கட்டுகின்றார். நாடகத்தின் மூன்றாம் அங்கம் மொழியியல் நோக்கில் ஒப்பற்ற நகைச்சுவை. எலைசாவின் உச்சரிப்பு முற்றாகத் திருந்திவிட்டது. காலநிலையையும் உடல்நலத்தையும் பற்றி மட்டும் பேசுமாறு பணிக்கப்பட்ட அவள், காலநிலை அறிக்கையைப் போன்ற வாக்கியமொன்றைத் தூய உச்சரிப்பில் ஒப்புவிக்கின்றாள். பின்னர் தன் சிற்றன்னையின் மரணத்தைப் பற்றிக் கூறத் தொடங்கியதும், அதே தூய உச்சரிப்பில் தெருவின் இலக்கணமும் தெருவின் செய்திகளும் வெளிப்படுகின்றன. ஒலி ஒரு வகுப்பினுடையது. தொடரமைப்பு மற்றொரு வகுப்பினுடையது. உச்சரிப்பு, இலக்கணம், பேசுபொருள் என மொழி பல அடுக்குகளை உடையது என்பதையும், ஓரடுக்கைத் திருத்தியதனால் மற்றவை திருந்தா என்பதையும் எப்பாடநூலினும் தெளிவாக இக்காட்சி உணர்த்துகின்றது. அதோடு நில்லாது, அங்கிருந்த உயர்குடியினர் அத்தெருவழக்கைப் புதிய நாகரிகப் பேச்சென்று கருதி மயங்கும்போது நகையின் இலக்கு மாறிவிடுகின்றது. எலைசாவைப் பார்த்துச் சிரித்தவன் இப்போது அவர்களைப் பார்த்துச் சிரிக்கின்றான்.

ஐந்தாம் அங்கத்தில் எலைசா கூறும் ஒரு செய்தி இங்கு முதன்மையானது. தன் கல்வி உண்மையில் தொடங்கியது ஹிக்கின்ஸின் ஒலிப்பயிற்சியால் அன்று. முதல்நாளே கேணல் பிக்கரிங் தன்னை 'மிஸ் டூலிற்றில்' என்று மதித்து அழைத்தபோதுதான் என்கின்றாள். தமிழ்ப்படுத்தின், ஒருத்தியை 'வா' என்னாது 'வாருங்கள்' என்றமையால் அவள் கற்கத் தொடங்கினாள் என்பது பொருள். சின்னத்துரையின் கைந்நூலும் பிக்கரிங்கின் விளியும் மொழி கற்றலின் இரு எதிர்முனைகள். றஞ்சித் சிங் ஆண்டுக்கணக்கில் கற்றும் தேறாமல் நிற்க எலைசா தேறியமைக்குக் காரணம் அறிவின் வேறுபாடன்று. அவளுடைய நாடகம் அவள் தேறுவதை வேண்டி நின்றது. இறுதியில் அவள் ஒலியியலைத் தானே கற்பிக்கப்போவதாகக் கூறி ஹிக்கின்ஸை எதிர்க்கின்றாள். வாள் கைமாறுகின்றது.

ஹிக்கின்ஸுக்கு ஒரு மறுமொழி

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை அவர்களும் இலண்டனில் மொழியியல் பயின்று பட்டம் பெற்றவரே. ஒலிகளை நுணுகிக் கேட்கப் பழகிய காதோடு தாயகம் மீண்ட அவர், யாழ்ப்பாணத்துக் கிராமத்தவரின் பேச்சைத் திருத்தப் புறப்படவில்லை. அப்பேச்சையே உள்ளவாறு எழுதி மேடையேற்றினார். 1940 இல் வெளிவந்த 'நானாடகம்', 1952 இல் வெளிவந்த 'இருநாடகம்' ஆகிய தொகுதிகள் அதன் விளைவு. 'உடையார் மிடுக்கு' என்னும் நாடகத்தின் பெயரே நகையின் இலக்கு யார் என்பதைக் கூறிவிடுகின்றது. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட வழக்கு பல்கலைக்கழக மேடையில் ஒலித்தபோது, அதனைப் பேசிப் பழகிய மாணவனுக்குத் தன் நாவைப் பற்றிய நாணம் நீங்கியிருத்தல் வேண்டும். ஒலியியல் அறிவை ஹிக்கின்ஸ் திருத்தத்துக்குப் பயன்படுத்தினார். கணபதிப்பிள்ளை மதிப்பளிப்பதற்குப் பயன்படுத்தினார்.

இது தாய்மொழிக்குப் பொருந்துமேயன்றிப் பிறமொழியான ஆங்கிலத்துக்குப் பொருந்தாது என்று தடைநிகழ்த்தலாம். தமிழ்நாடகத்தில் வழக்குமொழி சரியானதே. ஆங்கிலத்தில் பிழை பிழையே என்பது அத்தடையின் உட்பொருள். தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 2009 இல் அரசு 'நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம்' என்னும் கருத்துப்பட ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது, பிழையை நியாயப்படுத்துவதாகும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. 1987 இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் இணைப்பு மொழியாக்கப்பட்ட ஆங்கிலத்தை, இணைக்கும் அளவுக்கேனும் பிறர்க்கு விளங்கப் பேசுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. இலக்கணம் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. இலக்கணத்தை எய்தும் வழியில் நகை எப்பக்கம் நிற்கவேண்டும் என்பதே வினா.

அதற்கு விடை, முன்னர்க் குறிக்கப்பட்ட கம்பளைக் கலைஞரின் முரணிலேயே அடங்கியுள்ளது. ஆங்கிலத்தில் நன்கு வல்லவரான அல்பேர்ட் மோசஸ், வல்லமை அற்றவராக நடித்தார். இத்தொடரைப் பின்பற்றி 1990களில் தூர்தர்ஷனில் 'சபான் சம்பால்கே' என்னும் இந்தித் தொடர் வெளிவந்தபோது, நிலைமை தலைகீழாயிற்று. அங்கே கற்கப்பட்ட மொழி இந்தி. மாணவருள் ஒருவர் ஆங்கிலேயர். அவ்வாங்கிலேயராகத் தடுமாறி இந்தி பேசி நடித்த ரொம் ஆல்ரர், மசூரியில் பிறந்து வளர்ந்தவர். இந்தியிலும் உருதுவிலும் சிறந்த புலமை உடையவர். இருவரும் காட்டும் உண்மை ஒன்றே. பிழையை மேடையிற் செம்மையாகச் செய்வதற்குச் சரியானதை முற்றாக அறிந்திருத்தல் வேண்டும். எந்த அசையிற் தடுமாறுவது, எந்த வினைவிகுதியைத் திரிப்பது, எவ்வளவு திரித்தால் கேட்போர் மறைந்த சொல்லை ஊகிப்பர் என்பன அனைத்தும் கணக்கிடப்பட வேண்டியவை. மேடையிற் பிழைசெய்பவன் பிழைக்கு அடிமையல்லன், ஆண்டான்.

ஆகவே, நகைச்சுவை நாடகத்தால் ஆங்கிலம் மிகுதியும் கற்பவன் பார்வையாளன் அல்லன், நடிகனே. ஒத்திகையில் அவன் ஒரே வாக்கியத்தை இருபது முறை கூறுகின்றான்; வகுப்பறையில் அவ்வாறு கூறச்செய்தால் அது சலிப்பு, மேடைக்காகக் கூறினால் அது பயிற்சி. பிழையான வாக்கியத்தையும் சரியான வாக்கியத்தையும் அடுத்தடுத்துக் கூறிப்பார்க்கின்றான். இலக்கணம் விதியாக அன்றி நாவின் பழக்கமாக அவனிடம் படிகின்றது. எல்லாவற்றினும் மேலாக, எழும் சிரிப்பு அவன் வேண்டி எழுப்பிய சிரிப்பு. பேராசிரியர் வகுத்த இருவகை எள்ளலுள், பிறரால் எள்ளப்படும் நிலையைத் தானே விரும்பி ஏற்று அதனைத் தன் ஆற்றலாக மாற்றிவிடுகின்றான். தன்மேல் வீழுமென்று அஞ்சிய நகையைத் தன் விருப்பப்படி எழுப்பவும் அடக்கவும் தெரிந்தவனை அதன்பின் எந்த நகைப்பும் வாய்மூடச் செய்யாது.

பேராதனைக்கு இது புதிய நெறியுமன்று. லுடொவைக் அவர்களின் ஆங்கில மேடையும் கணபதிப்பிள்ளை அவர்களின் தமிழ் மேடையும் ஒரே பல்கலைக்கழகத்தின் இரு கைகளாக இயங்கின. அவை இணைந்து தொழிற்படும் இடத்தில், தோட்டத்து லயத்திலிருந்தும் வன்னிக் கிராமத்திலிருந்தும் வரும் மாணவனுக்குப் பயன்படும் நகைச்சுவை பிறக்கக்கூடும். அந்நாடகத்தில் அவன் தன் ஆங்கிலத்தோடு மேடைக்கு வருவான். கொச்சைத் தமிழ் பேசும் சின்னத்துரை ஒருவனும் உடன் வரலாம். இருவர் பிழைக்கும் அவை ஒருசேரச் சிரிக்குமாயின், கண்டி மலைநாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக ஒருபக்கம் சாய்ந்திருந்த துலாக்கோல் அச்சிரிப்பில் நேர்நிற்கும்.